ஒன்பதாவது செமஸ்டர்!

எட்டு செமஸ்டர். இன்டர்னல், லேப், வைவா, ப்ராஜெக்ட் ரிவியூ... எல்லாத்துக்கும் ஒரு டைம் டேபிள் இருந்துச்சு. எந்தத் தேதியில, எந்த ஹால்ல, எந்த பெஞ்ச்சுல உட்காரணும்னு மத்தவங்களே முடிவு பண்ணி, அச்சடிச்சுக் கையில கொடுத்தாங்க. ஃபேர்வெல்லுக்குக் கட்டின புடவை அம்மா பீரோவுக்குப் போயாச்சு. வாடகைக்கு எடுத்த கோட்டைக் கடையில திருப்பிக் கொடுத்தாச்சு. ரெண்டு நாள் நல்லா தூங்கியாச்சு. மூணாவது நாள் காலையில பதினோரு மணிக்குக் கண்ணு முழிக்கும்போதுதான் ஒரு விஷயம் சுருக்குனு உறைக்கும். இன்னிக்கு க்ளாஸ் இல்லை. நாளைக்கும் இல்லை. இனிமே எப்பவுமே இல்லை!

அன்னிக்குத்தான் பாஸ், ஒன்பதாவது செமஸ்டர் ஆரம்பம்.

இதுக்கு சிலபஸ் கிடையாது. பத்து வருஷக் கொஸ்டின் பேப்பர் கிடையாது. முதல் நாள் ராத்திரி படிச்சுட்டு ஒப்பேத்த ஜெராக்ஸ் நோட்ஸ் கிடையாது. ஆனா, ரிசல்ட் மட்டும் தினமும் வரும். 'என்னப்பா, வேலை கிடைச்சுதா?'ன்னு பக்கத்து வீட்டு ஆன்ட்டி மாவு அரைக்கப் போற வழியில கேட்பாங்களே, அதான் ரிசல்ட்!

நான் மூணாவது வருஷம் இன்ஜினீயரிங். எனக்கும் உங்களுக்கும் அந்த செமஸ்டர் ரொம்ப தூரத்துல இல்லை. அதனால படிச்சு முடிச்சு ஒரு வருஷத்தை வெளியில ஓட்டிட்டு வந்த எங்க ஏரியா அண்ணன்கள், அக்காக்கள் சிலரைப் பிடிச்சேன். தாம்பரம், சேலையூர், பெருங்களத்தூர், வண்டலூர் பக்கத்து ஆளுங்க. எல்லார்கிட்டயும் கேட்ட கேள்வி ஒண்ணே ஒண்ணு. 'இதை யாராவது முன்னாடியே சொல்லியிருக்கலாமேன்னு இந்த ஒரு வருஷத்துல நீங்க நினைச்சது எது?'

யாரும் ஜாவாவைப் பத்திப் பேசலை. யாரும் தெர்மோடைனமிக்ஸைப் பத்திப் பேசலை. காத்திருக்கிறதைப் பத்திப் பேசினாங்க. பணத்தைப் பத்தி, பஸ்ஸைப் பத்திப் பேசினாங்க. ரெண்டு பேர் மட்டும், யார்கிட்டயும் பேசாம இருந்த மாசங்களைப் பத்திப் பேசினாங்க. அந்தக் கடைசி விஷயத்துக்காகத்தான் இந்தக் கட்டுரையே.

அதுக்கு முன்னாடி, நம்ம ஏரியாவுலயே படிச்ச இன்னொரு சீனியரோட கதையைப் பார்த்துடலாம். கொஞ்சம் இல்லை, ரொம்பவே சீனியர்!

ஒன்பதாவது ரேங்க்

தாம்பரத்துல இருந்து பீச் போற லோக்கல்ல ஏறினா, ரெண்டாவது ஸ்டேஷன் குரோம்பேட்டை. அங்கே இருக்கு எம்.ஐ.டி. சி.ராஜம் 1949-ல ஆரம்பிச்ச காலேஜ். 1978-ல அண்ணா பல்கலைக்கழகம் உருவானபோது அதோட ஒரு அங்கமா ஆனது. 1950-களின் நடுவுல ராமேஸ்வரத்துப் பையன் ஒருத்தர் இங்கே ஏரோநாட்டிகல் படிக்க வந்தார். அட்மிஷனுக்கு ஆயிரம் ரூபாய் வேணும். அப்பாவால முடியலை. அக்கா ஜோஹரா தன்னோட வளையலையும் சங்கிலியையும் அடகு வச்சுப் பணம் புரட்டிக் கொடுத்தாங்க. பையன் பேர், ஏ.பி.ஜே.அப்துல் கலாம்.

'அக்னிச் சிறகுகள்' படிச்சவங்களுக்கு இது தெரிஞ்ச கதைதான். எம்.ஐ.டி. தமிழ்ச் சங்கம் நடத்துன கட்டுரைப் போட்டியில, நம்ம விமானத்தை நாமே செய்யணும்னு எழுதி, ஆனந்த விகடன் ஆசிரியர் தேவன் கையால முதல் பரிசு வாங்கினார். டிசைன் ப்ராஜெக்ட் சுமாரா இருக்குன்னு பேராசிரியர் சீனிவாசன், மூணு நாள்ல புதுசா முடிக்காட்டி ஸ்காலர்ஷிப் கட்னு சொல்ல, ராத்திரி பகலா உட்கார்ந்து வரைஞ்சு முடிச்சார். ப்ராஜெக்ட் ரிவியூவுல திட்டு வாங்கின நம்ம எல்லாருக்கும் ஆறுதல் கொடுக்கிற சம்பவம் இது!

ஆனா, நமக்கு இப்போ வேண்டியது அதுக்கு அடுத்த கட்டம். எம்.ஐ.டி.யை முடிச்சுட்டு நேரா ராக்கெட் விடப் போகலை அவர். பெங்களூர்ல ஹெச்.ஏ.எல்.-ல ட்ரெயினியா சேர்ந்தார். இன்ஜினைக் கழட்டிச் சரிபார்க்கிற டீம்ல வேலை. கிராங்க் ஷாஃப்ட் தேய்ஞ்சிருக்கா, கனெக்டிங் ராட் முறுக்கிக்கிட்டு இருக்கான்னு பார்க்கிற வேலை. கையில கிரீஸ் ஒட்டுற வேலைதான்.

அது முடிஞ்சதும் ரெண்டு இடத்துக்கு அப்ளிகேஷன் போட்டார். ஒண்ணு, விமானப்படை. சின்ன வயசுல இருந்து பறக்கணும்னு ஆசை. இன்னொண்ணு, டெல்லியில பாதுகாப்பு அமைச்சகத்துக்குக் கீழே இருந்த ஒரு தொழில்நுட்ப இயக்குநரகம். ரெண்டு இடத்துல இருந்தும் கிட்டத்தட்ட ஒரே சமயத்துல இன்டர்வியூ கார்டு வந்துச்சு. டெல்லி இன்டர்வியூ சாதாரணமா முடிஞ்சுது. மனசெல்லாம் அடுத்து டேராடூன்ல நடந்த விமானப்படைத் தேர்வு மேலதான். 25 பேர்ல எட்டுப் பேரை எடுத்தாங்க. கலாமோட ரேங்க்... ஒன்பது!

ஒரே ஒரு இடம். ஒரு மார்க், அரை மார்க்ல கட் ஆஃப் போகிற வலி தெரிஞ்சவங்க நாம. அவருக்கும் அப்படித்தான் வலிச்சிருக்கு. நேரா ஊருக்கும் போகலை, டெல்லிக்கும் போகலை. ரிஷிகேஷுக்குப் போனார். கங்கையில குளிச்சுட்டு, சிவானந்தர் ஆசிரமத்துக்குள்ளே நுழைஞ்சார். முகத்துல இருந்த வாட்டத்தைப் பார்த்து சுவாமி சிவானந்தர் என்ன விஷயம்னு கேட்க, மொத்தத்தையும் சொல்லிட்டார். போனது போகட்டும், உனக்குன்னு இருக்கிற வேலை வேற எங்கேயோ இருக்கு, அதைத் தேடுங்கிற மாதிரி அவர் தேத்தி அனுப்பினார்.

டெல்லிக்குத் திரும்பி வந்து, 'அந்த இன்டர்வியூ என்ன ஆச்சு?'னு விசாரிக்கப் போனவர் கையில அப்பாயின்ட்மென்ட் ஆர்டரைக் கொடுத்தாங்க. அடுத்த நாளே சேர்ந்துட்டார். வருஷம் 1958. பதவி, சீனியர் சயின்டிஃபிக் அசிஸ்டென்ட். அடிப்படைச் சம்பளம், மாசம் 250 ரூபாய்.

அந்த முதல் வருஷத்துல ஒரு சூப்பர்சானிக் இலக்கு விமானத்துக்கான டிசைன் வேலையைச் செஞ்சு, இயக்குநர் வாயால ஒரு 'குட்' வாங்கினார். அப்புறம் விமானப் பராமரிப்பு பழகிக்கோன்னு கான்பூருக்கு அனுப்பினாங்க. எஸ்.எல்.வி-3 ராக்கெட் ரோகிணியைச் சுமந்துகிட்டு வெற்றிகரமா மேலே போனது 1980 ஜூலை 18. வேலையில சேர்ந்து 22 வருஷம் கழிச்சு! அதுக்கும் முந்தின வருஷம், 1979 ஆகஸ்ட்ல விட்டது கடல்ல விழுந்துச்சு.

'சும்மா இருங்க பாஸ், எல்லாரும் கலாம் ஆகிட முடியுமா?'ன்னு கேட்பீங்க. முடியாதுதான். நான் சொல்ல வந்தது அதுவும் இல்லை. கலாமுக்கே அவரோட முதல் வருஷம் நினைச்ச மாதிரி நடக்கலைங்கிறதுதான் விஷயம். அந்த வருஷத்தை மட்டும் தனியா வெட்டி எடுத்துப் பார்த்தா, ஆசைப்பட்ட வேலைக்கு ரிஜெக்ட் ஆகி, கிடைச்ச வேலையில சேர்ந்த ஒரு சாதாரண இளைஞர்தான் தெரிவார். வேற எதுவும் தெரியாது.

ஆஃபர் வேற, ஜாயினிங் வேற

இப்போ நம்ம சீனியர்களுக்கு வருவோம். அவங்க சொன்ன முதல் பாடம் இது. ஆஃபர் லெட்டர் வந்துட்டா வேலை வந்துட்டதா அர்த்தம் இல்லை. ஜாயினிங் டேட் வரணும்.

நடுவுல எவ்வளவு நாள்? அது நம்ம கையிலும் இல்லை, நம்ம ஹெச்.ஓ.டி. கையிலும் இல்லை. 2008 செப்டம்பர்ல அமெரிக்காவுல லேமன் பிரதர்ஸ் கவிழ்ந்துச்சு. அதுக்கும் சோழிங்கநல்லூருக்கும் என்ன சம்பந்தம்னு கேட்காதீங்க. அந்தக் காலகட்டத்துல படிச்சு முடிச்ச எத்தனையோ பேர் ஆஃபரைக் கையில வச்சுக்கிட்டு மாசக்கணக்குல வீட்டுல உட்கார்ந்திருந்தாங்க. 2020-ல படிச்சு முடிச்சவங்க கொரோனாவால கடைசி செமஸ்டர் பரீட்சையையே ஆன்லைன்ல எழுதினாங்க. கொரியர்ல வந்த லேப்டாப்பைப் பிரிச்சதுதான் பல பேருக்கு ஆபீஸ்ல முதல் நாள்!

2022-ல முடிச்சவங்க கதை இன்னும் மோசம். ஆஃபர் கையில இருந்தும், ரெண்டு வருஷத்துக்கு மேல காத்திருந்தவங்க உண்டு. இன்ஃபோசிஸ்ல அப்படிக் காத்திருந்து 2024 அக்டோபர்ல ட்ரெயினிங் சேர்ந்தவங்கள்ல 300 பேருக்கும் மேல, 2025 பிப்ரவரியில மைசூர் வளாகத்துல இருந்து வெளியேற்றப்பட்டாங்க. உள்தேர்வுல பாஸாக மூணு வாய்ப்பு உண்டு, அதுல தேறாதவங்கதான் இவங்கன்னு நிறுவனம் விளக்கம் சொல்லுச்சு. நாடு முழுக்க நியூஸ் ஆச்சு.

பயமுறுத்தறதுக்காக இதைச் சொல்லலை. காத்திருக்கிறது உங்க திறமைக்குக் கொடுத்த மார்க் இல்லைன்னு சொல்றதுக்காகத்தான். அது பல சமயம் வேற ஏதோ நாட்டுல, வேற ஏதோ கிளையன்ட் செலவைக் குறைச்சதோட எதிரொலி. ஆனா, அந்த இடைவெளியில என்ன பண்றோம்ங்கிறது நம்ம கணக்கு. காத்திருந்த நாள்ல ஆறு மாசத்தை அப்படியே போனைப் பார்த்துக் கழிச்சதுதான் தன் வாழ்க்கையிலேயே ரொம்ப நீளமான ஆறு மாசம்னு ஒரு அண்ணன் சொன்னார். இன்னொரு அக்கா, அதே ஆறு மாசத்துல பக்கத்துத் தெரு ப்ளஸ் டூ பசங்களுக்கு மேத்ஸ் ட்யூஷன் எடுத்திருக்காங்க. பெரிய பணம் ஒண்ணும் இல்லை. ஆனா, சாயங்காலம் அஞ்சு மணிக்குத் தனக்காக நாலு பேர் காத்திருக்காங்கங்கிற நினைப்பே காலையில எழுப்பி விட்டுச்சாம்.

ஜாயின் பண்ணிட்டாலும் கதை முடியலை. ட்ரெயினிங், அதுல டெஸ்ட், அப்புறம் 'பென்ச்'. ப்ராஜெக்ட் கிடைக்கிற வரைக்கும் சும்மா உட்கார்ந்திருக்கிறதுக்குப் பேர்தான் பென்ச். காலேஜ்ல கடைசி பெஞ்ச் எவ்வளவு ஜாலியோ, இந்த பென்ச் அவ்வளவு டென்ஷன். பைத்தான் படிச்சுட்டுப் போனவங்களை டெஸ்ட்டிங்ல போடுவாங்க. ஒரகடம் பக்கம் போன மெக்கானிக்கல் அண்ணன், டிசைன் பண்ணப் போறோம்னு நினைச்சுப் போய், முதல் மூணு மாசம் ஷிஃப்ட்ல நின்னு பாகங்களோட அளவு பார்த்திருக்கார். கிராங்க் ஷாஃப்ட் தேய்ஞ்சிருக்கான்னு பார்த்த சீனியரை ஞாபகம் வச்சுக்கங்க, அது போதும்.

முப்பதாயிரம் எங்கே போச்சு?

ரெண்டாவது பாடம், சம்பளம். 'மூணு லட்சத்து அறுபதாயிரம் பேக்கேஜ்'னு காலேஜ் ப்ளெக்ஸ்ல போட்டோவோட போட்டிருப்பாங்க. பன்னிரண்டால வகுத்தா மாசம் 30,000. முதல் மாசச் சம்பளம் வர்ற எஸ்.எம்.எஸ்.ஸைப் பார்த்தா அந்த 30,000 இருக்காது. யாரும் ஏமாத்தலை, கணக்கே அப்படித்தான்.

வாங்க, போட்டே பார்த்துடலாம். பேசிக் 15,000-னு வச்சுக்கங்க. அதுல 12 சதவீதம், 1,800 ரூபாய், உங்க பங்கு பி.எஃப். கம்பெனியும் அதே 1,800 போடணும். ஆனா, அந்தப் பணத்தையும் பேக்கேஜுக்குள்ளேயே சேர்த்துக் காட்டியிருப்பாங்க! கிராஜுவிட்டிக்குன்னு பேசிக்ல 4.81 சதவீதம், சுமார் 720 ரூபாய், அதையும் பேக்கேஜுக்குள்ளேயே எழுதியிருப்பாங்க. அப்புறம் தொழில் வரி. அரை வருஷத்துக்கு 1,250 ரூபாய்னா, மாசத்துக்கு 208. எல்லாம் போகக் கையில வர்றது சுமார் 25,500. இதுல 'வேரியபிள் பே'ன்னு ஒரு ஐட்டம் இருந்தா இன்னும் குறையும். இன்ஷூரன்ஸ் பிடிச்சாங்கன்னா இன்னும் கொஞ்சம். நல்லவேளையா, இந்தச் சம்பளத்துக்கு வருமான வரி கிடையாது.

ஒரு சந்தோஷ சமாசாரமும் இருக்கு. அந்த பி.எஃப். எங்கேயும் ஓடிப் போகலை. கம்பெனி போடுற 1,800-ல 1,250 பென்ஷனுக்குப் போக, மிச்சம் 550-ம் உங்க 1,800-ம் சேர்ந்து மாசம் 2,350 உங்க கணக்குல ஏறும். ஒரு வருஷத்துல 28,200 ரூபாய், வட்டி தனி. வேலை மாறினாலும் யு.ஏ.என். நம்பர் மாறாது, கணக்கை அதோட சேர்த்துக்கலாம். முதல் வேலையை விட்ட உடனே இதை எடுத்து பைக்குக்கு முன்பணம் கட்டுறதுதான் நம்ம ஊர் வழக்கம். கொஞ்சம் யோசிங்க!

இன்னொரு கசப்பான கணக்கு. 2010-ஐ ஒட்டி கேம்பஸ்ல மொத்தமா எடுத்தவங்களுக்கு ஐ.டி. கம்பெனிகள் கொடுத்தது மூணு, மூணே கால் லட்சம். இப்பவும் பெரிய கம்பெனிகள் கும்பலா ஆள் எடுக்கும்போது மூணரை லட்சத்தைச் சுத்தித்தான் நிக்குது. டீ விலையும் ரூம் வாடகையும் அப்படி நிக்கலையே! அதனால, 'பக்கத்து வீட்டு அங்கிள் பையன் முதல் வருஷமே வீடு வாங்கிட்டான்'னு அப்பா ஆரம்பிச்சா, அந்தப் பையன் எந்த வருஷத்துல வேலைக்குச் சேர்ந்தான்னு பணிவா கேளுங்க.

தாம்பரம் டூ தூரம்

மூணாவது பாடம் ரோட்டுல இருக்கு. நம்ம பக்கத்துல வேலைங்கிறது ஒரே திசையில இல்லை. சானடோரியத்துல 1984-ல இருந்து மெப்ஸ் இருக்கு. தரமணியில டைடல் பார்க் திறந்தது 2000 ஜூலையில. அப்புறம் ஓ.எம்.ஆர். முழுக்க, சோழிங்கநல்லூர், சிறுசேரி வரைக்கும் ஐ.டி. தெற்கே போனா பரனூர்ல மஹிந்திரா வேர்ல்டு சிட்டி. மேற்கே படப்பை வழியா ஒரகடம். எந்தப் பக்கம் வேலை கிடைச்சாலும் தாம்பரத்துல இருந்து போயிடலாம். அதுதான் தாம்பரத்தோட ப்ளஸ். எந்தப் பக்கம் போனாலும் டிராஃபிக் உண்டு. அதுதான் மைனஸ்!

1931-லயே பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் மின்சார ரயில் ஓட ஆரம்பிச்சாச்சு. செங்கல்பட்டு லைன்ல 2025 ஏப்ரல்ல ஏ.சி. லோக்கலும் வந்தாச்சு. அதனால ரயில் பாதையை ஒட்டி வேலை கிடைச்சவங்க புண்ணியவான்கள். சீசன் டிக்கெட் எடுத்தா மாசம் முழுக்கக் கவலை இல்லை. ஓ.எம்.ஆர். போறவங்க நிலைமைதான் வேற. சேலையூர், செம்பாக்கம், மேடவாக்கம்னு ஒவ்வொரு சிக்னலா எண்ணிக்கிட்டே போகணும். கேப் வந்தா சரி, வராட்டி பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும். ஒரு நாளைக்கு ரெண்டரை மணி நேரம் இப்படியே போகுதுன்னா, மாசத்துக்கு 22 நாள் வேலைன்னு வச்சாக்கூட 55 மணி நேரம். அதாவது, ரெண்டு முழு நாளுக்கும் மேல ரோட்டுலயே!

வெளியூர்ல இருந்து வந்தவங்களுக்கு ரூம் பிரச்னை. கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்ட் 2023 டிசம்பர் கடைசியில திறந்ததுல இருந்து, வெள்ளிக்கிழமை ராத்திரி ஊருக்குக் கிளம்புறவங்க வண்டலூர், பெருங்களத்தூர் பக்கமே ரூம் பார்க்கிறாங்க. சென்னையில அட்வான்ஸ்னா பத்து மாச வாடகைங்கிறது பல வீட்டு ஓனர்களோட பழக்கம். ஆனா, 2019-ல நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம், ரெண்டு தரப்பும் வேற மாதிரி ஒப்பந்தம் போட்டுக்காத பட்சத்துல மூணு மாச வாடகைக்கு மேல முன்பணம் கேட்கக் கூடாதுன்னு சொல்லுது. ஒப்பந்தத்துல கையெழுத்து போடறதுக்கு முன்னாடி பேரம் பேச இது ஒண்ணு போதும். காலேஜ்ல யாராவது சொல்லிக் கொடுத்தாங்களா?

குரூப்ல இருந்து 'லெஃப்ட்'!

இப்போ அந்தக் கடைசி விஷயம்.

ஒவ்வொரு க்ளாஸுக்கும் ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கும். கடைசி வருஷம் பரீட்சை முடியற வரைக்கும் அதுல கும்மாளம்தான். ஜூலை, ஆகஸ்ட்ல ஒவ்வொருத்தரா ஐ.டி. கார்டு போட்டோ போட ஆரம்பிப்பாங்க. கழுத்துல டேக், கையில காபி கப், பின்னாடி கண்ணாடி பில்டிங். கீழே ஐம்பது 'கன்கிராட்ஸ்'. அந்தச் சமயத்துல சத்தமே இல்லாம ஒரு வரி வரும். இன்னார் 'லெஃப்ட்'. ரெண்டு வாரம் கழிச்சு இன்னொருத்தர் 'லெஃப்ட்'.

நான் பேசினவங்கள்ல ரெண்டு பேர் அப்படிக் கிளம்பினவங்க. யாரும் அவங்களை ஒண்ணும் சொல்லலை. ஆனா, ஒவ்வொரு போட்டோவும் தன்னைக் கேள்வி கேட்கிற மாதிரியே இருந்துச்சாம். ஒருத்தர் கல்யாணம், காதுகுத்துக்குக்கூடப் போறதை நிறுத்தியிருக்கார். இன்னொருத்தர் காலையில ஒன்பது மணிக்கு டிபன் பாக்ஸோட கிளம்பி, லைப்ரரியில உட்கார்ந்துட்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்திருக்கார். தெருவுல கேட்கிற கேள்வியில இருந்து தப்பிக்கத்தான். அந்தச் சமயம் பார்த்துத்தான், 'அம்பதாயிரம் கட்டு, பேக்டோர்ல வேலை வாங்கித் தர்றேன்'னு போன் வருது. மனசு உடைஞ்சிருக்கிறவன் கட்டிடுவான். நல்லா தெளிவா கேட்டுக்கங்க. வேலை கொடுக்கிறவங்க சம்பளம்தான் கொடுப்பாங்க. பணம் கேட்டா, அது வேலை இல்லை.

இவங்க ரெண்டு பேரும் வெளியில வந்தது எப்படி? ஒருத்தருக்கு வழி காட்டினது தரமணியில இருக்கிற தொழிற்பழகுநர் பயிற்சி வாரியத்தோட தென் மண்டல அலுவலகம். அப்ரென்டிஸ்னா ஐ.டி.ஐ. பசங்களுக்கு மட்டும்னு நாம நினைச்சுக்கிட்டு இருக்கோம். 1961-ல வந்த தொழிற்பழகுநர் சட்டத்தை 1973-ல திருத்தி, இன்ஜினீயரிங் பட்டதாரிகளையும் டிப்ளமோ படிச்சவங்களையும் சேர்த்துட்டாங்க. என்.எல்.சி., அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் எல்லாம் இந்த வழியில ஆள் எடுக்கிறாங்க. 2019 விதிகள்ல பட்டதாரிகளுக்கு மாசம் குறைஞ்சது 9,000 ரூபாய் உதவித்தொகைன்னு நிர்ணயிச்சாங்க. முடிச்சா சான்றிதழ். பெரிய பணம் இல்லை, நிரந்தர வேலையும் இல்லை. ஆனா, 'எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா?'ங்கிற கேள்விக்கு 'ஒரு வருஷம் இருக்கு சார்'னு சொல்ல முடியுதே! அந்த அண்ணன் அப்படித்தான் சொல்லி அடுத்த வேலைக்குப் போயிருக்கார்.

இன்னொருத்தருக்கு நடந்தது இன்னும் சின்ன விஷயம். குரூப்ல இருந்து கிளம்பின மூணாவது மாசம், கூடப் படிச்ச ஒரு பொண்ணு போன் பண்ணியிருக்காங்க. வேலையைப் பத்தி ஒரு வார்த்தை கேட்கலை. கேம்ப் ரோடுல டீ குடிக்க வர்றியான்னு மட்டும் கேட்டிருக்காங்க. போயிருக்கார். ரெண்டு மணி நேரம் பேசியிருக்கார். வேலை அதுக்கப்புறம் நாலு மாசம் கழிச்சுத்தான் கிடைச்சுது. ஆனா, ரெஸ்யூமேயைத் திறந்து திருத்த உட்கார்ந்தது அன்னிக்கு ராத்திரிதான்னு சொன்னார்.

டேராடூன்ல ஒன்பதாவது வந்தவரை நினைச்சுப் பாருங்க. ரிஷிகேஷ்ல அவருக்குக் கிடைச்சது வேலை இல்லை, சிபாரிசு இல்லை. 'என்னாச்சு?'ன்னு கேட்ட ஒரு ஆள். அதுக்கு அப்புறம்தான் டெல்லிக்குப் போய் ரெண்டாவது இன்டர்வியூ என்ன ஆச்சுன்னு விசாரிக்கிற தெம்பு வந்துச்சு. ஆர்டர் அங்கே தயாரா இருந்துச்சு. போய்க் கேட்க ஆள் வரணும், அவ்வளவுதான்.

இப்பவே செய்யலாம்

ஸோ, ஒன்பதாவது செமஸ்டருக்கு இப்பவே என்ன பண்ணலாம்? சீனியர்கள் கொடுத்த டிப்ஸ், அவங்க வரிசையிலேயே...

அரியரை இருக்கும்போதே முடிங்க. ஜாயினிங் டேட்ல கேட்கிறது ஸ்கில் இல்லை, மார்க் ஷீட். ப்ரொவிஷனல், மார்க் ஷீட் எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி டிஜிலாக்கர்லயும் மெயில்லயும் போட்டு வைங்க. ஒரிஜினலை யாராவது வாங்கி வச்சுக்கிறேன்னு சொன்னா, எதுக்கு, எவ்வளவு நாளுக்கு, ரசீது உண்டான்னு கேளுங்க. பாண்ட் இருந்தா கையெழுத்துக்கு முன்னாடி ஒவ்வொரு வரியையும் படிங்க. எவ்வளவு மாசம், எவ்வளவு பணம்னு வீட்டுல ஒருத்தருக்காவது தெரியணும்.

ஆஃபர் வந்தாலும் தேடுறதை நிறுத்தாதீங்க. வராட்டி, ரெண்டாவது வழி ஒண்ணு கையில வச்சுக்கங்க. அப்ரென்டிஸ், அரசுத் தேர்வு, மேல்படிப்பு, சின்ன கம்பெனி, எதுவானாலும் சரி. கலாம் ரெண்டு அப்ளிகேஷன் போட்டார்ங்கிறதை யாரும் பாராட்டறதே இல்லை. என்னைக் கேட்டா, அந்த வருஷத்துல அவர் செஞ்ச ரொம்ப புத்திசாலித்தனமான காரியம் அதுதான்.

கடைசியா ஒண்ணு. இதுக்கு ஜாயினிங் டேட் எல்லாம் வேண்டாம், இன்னிக்கு சாயங்காலமே பண்ணலாம். உங்க க்ளாஸ் குரூப்லயோ, சீனியர்கள்லயோ, ரொம்ப நாளா சத்தமே இல்லாத ஒரு நம்பர் இருக்கும். ஸ்க்ரோல் பண்ணா கிடைக்கும். மெசேஜ் வேண்டாம், போன் பண்ணுங்க. வேலையைப் பத்திக் கேட்காதீங்க, பேக்கேஜைப் பத்தியும் கேட்காதீங்க. 'டீ குடிக்கலாம் வா'ன்னு கூப்பிடுங்க.

பில்லை நீங்களே கொடுத்துடுங்க!